எல்லையில் நின்ற கப்பல்கள்

1991 ஜூனில் 'ஸ்டார் ட்ரெக்: தி நெக்ஸ்ட் ஜெனரேஷன்' தொடரின் நான்காவது சீசன் பாதிக் கதையில் நின்றது. கிளிங்கான் பேரரசில் உள்நாட்டுப் போர் மூண்டுவிட்டது. எண்டர்பிரைஸ் விண்கப்பலின் பாதுகாப்பு அதிகாரி வோர்ஃப், தன் இனத்தாரோடு நின்று போரிடுவதற்காக வேலையை ராஜினாமா செய்துவிட்டுக் கப்பலை விட்டு இறங்குகிறார். மிச்சக் கதைக்கு ரசிகர்கள் செப்டம்பர் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அந்தக் காத்திருப்பின் நடுவே, ஆகஸ்ட் 19 அன்று, மாஸ்கோ தெருக்களில் நிஜ டாங்கிகள் உருண்டன. சோவியத் அதிபர் கோர்பச்சேவ் கிரிமியாவில் தன் விடுமுறை இல்லத்திலேயே சிறைவைக்கப்பட்டார். அணு ஆயுதங்களைக் குவித்து வைத்திருந்த ஒரு வல்லரசு, தன்னைத் தானே சுட்டுக்கொள்ளப் போகிறதா என்று உலகம் மூன்று நாள் பதைத்துக் கிடந்தது.

அந்த ஆட்சிக் கவிழ்ப்பு முயற்சி தோற்றது. செப்டம்பர் 23-ஆம் தேதி வாரத்தில் கதையின் இரண்டாம் பாகம் ஒளிபரப்பானது. 'ரிடெம்ப்ஷன்' என்ற இந்த இரண்டு பாகக் கதையை எழுதிய ரொனால்ட் டி. மூர் அப்போது இருபதுகளில் இருந்த இளைஞர். பிற்காலத்தில் 'பேட்டில்ஸ்டார் கலாக்டிகா'வைப் புதிதாக வார்த்தெடுத்தவரும் இவர்தான். மாஸ்கோ நிகழ்வுகளோடு தேதி ஒத்துப்போனது தற்செயல். அந்தத் தற்செயலைத் தள்ளிவைத்துவிட்டுப் பார்த்தாலும் இந்தக் கதைக்கு மதிப்பு இருக்கிறது. அது எழுப்பும் கேள்வி அப்படிப்பட்டது. பக்கத்து வீட்டில் அண்ணன் தம்பிக்குள் வெட்டுக்குத்து. அதில் ஒருவனுக்குப் பின்வாசல் வழியாக யாரோ அரிவாள் எடுத்துக் கொடுத்துக்கொண்டிருக்கிறார்கள் என்று நமக்குத் தெரியும். "அது அவர்கள் குடும்ப விவகாரம்" என்று கதவைச் சாத்திக்கொண்டால், அதற்குப் பெயர் நடுநிலைமையா?

கிளிங்கான்கள் யார் என்று சொல்லிவிட வேண்டும். 1966-இல் அமெரிக்காவின் என்பிசி தொலைக்காட்சியில் ஜீன் ராடன்பெரி உருவாக்கிய 'ஸ்டார் ட்ரெக்' தொடங்கியது. மனிதர்களும் வேற்றுக் கிரகத்தாரும் சேர்ந்து அமைத்த ஒரு கூட்டமைப்பு, அதன் ஆய்வுக் கப்பல் எண்டர்பிரைஸ், அதன் கேப்டன் கிர்க். இந்தக் கூட்டமைப்புக்கு நிகரான ஒரு எதிரி தேவைப்பட்டபோது, 1967 மார்ச்சில் வந்த ஒரு கதைக்காக ஜீன் எல். கூன் என்ற எழுத்தாளர் படைத்ததுதான் கிளிங்கான் பேரரசு. முதல் கிளிங்கான் தளபதி கோர். ஜான் கோலிகோஸ் என்ற கனடிய நடிகர் அந்த வேடத்தில் நடித்தார். இந்தப் பெயரை மறந்துவிட வேண்டாம்; ஏறக்குறைய முப்பதாண்டு கழித்து கோர் மறுபடி வருவார். அந்த முதல் கதையிலேயே ஒரு சின்னக் கிரகத்துக்காக இரண்டு வல்லரசுகளும் மல்லுக்கு நிற்கின்றன. பனிப்போர் காலத்துப் பார்வையாளர்களுக்கு யார் அமெரிக்கா, யார் சோவியத் என்று யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

1968 பிப்ரவரி 2 அன்று ஒளிபரப்பான 'எ பிரைவேட் லிட்டில் வார்' என்ற கதையை இங்கே நின்று பார்க்க வேண்டும். ஆதிநிலையில் வாழும் ஒரு கிரகத்தில் இரண்டு கூட்டத்தார். ஒரு கூட்டத்துக்குக் கிளிங்கான்கள் ரகசியமாகத் துப்பாக்கி கொடுக்கிறார்கள். கிர்க் என்ன செய்கிறார்? மற்றக் கூட்டத்துக்கும் அதே துப்பாக்கியைக் கொடுக்கிறார். இரு தரப்பும் சமநிலையில் இருந்தால்தான் யாரும் அழிய மாட்டார்கள் என்பது அவர் வாதம். கப்பலின் மருத்துவர் மெக்காய் ஆத்திரப்பட்டுத் தடுக்கப் பார்க்கிறார். வேறு வழி சொல்ல அவராலும் முடியவில்லை. துப்பாக்கிகளைச் செய்து அனுப்பச் சொல்லிவிட்டு, அந்தப் பழியைச் சுமந்துகொண்டே கிர்க் கப்பலுக்குத் திரும்புகிறார். வியட்நாமில் டெட் தாக்குதல் தொடங்கி அப்போது மூன்று நாள்தான் ஆகியிருந்தது. இந்தக் கதை வியட்நாமைப் பற்றியது என்பது அதன் வசனத்திலேயே தெரிகிறது. அன்றைய அமெரிக்காவுக்குத் தோன்றிய வழி இது ஒன்றுதான்: எதிரி ஆயுதம் கொடுத்தால் நாமும் கொடுப்போம்.

இத்தனைக்கும் கூட்டமைப்பின் விண்படைக்கு ஒரு முதன்மை விதி உண்டு. மற்ற சமூகங்களின் உள்விவகாரங்களில், அவற்றின் இயல்பான வளர்ச்சியில் தலையிடக் கூடாது. விண்படை அதிகாரி தன் உயிரையும் கப்பலையும் இழந்தாலும் இந்த விதியை மீறக் கூடாது. விதி உயர்ந்ததுதான். நாம் ஒதுங்கி நிற்கும்போது வேறொருவன் ஏற்கெனவே உள்ளே புகுந்திருந்தால் என்ன செய்வது என்பதை மட்டும் அது சொல்வதில்லை.

1987-இல் தொடங்கிய 'நெக்ஸ்ட் ஜெனரேஷன்' கதையுலகில் கிர்க்கின் காலத்திலிருந்து முக்கால் நூற்றாண்டுக்கு மேல் தள்ளி நடக்கிறது. கிளிங்கான்களும் கூட்டமைப்பும் இப்போது நட்பு நாடுகள். எண்டர்பிரைஸின் கட்டுப்பாட்டுத் தளத்திலேயே ஒரு கிளிங்கான் நிற்கிறார். மைக்கேல் டார்ன் நடித்த வோர்ஃப், பெற்றோரை இழந்து ஒரு மனிதத் தம்பதியிடம் வளர்ந்தவர். கிளிங்கான் மரபைப் படித்தும் கேட்டும் தெரிந்துகொண்டவர். அதனாலேயே அந்த மரபின் மானம், நேர்மை, வாக்குத் தவறாமை எல்லாவற்றையும் பிறவிக் கிளிங்கான்களைவிட இறுக்கமாகப் பற்றிக்கொண்டவர். தாய்நாட்டைத் தூரத்திலிருந்தே நேசித்தவனுக்கு அதன் நிஜ முகத்தை அருகில் பார்க்க நேர்ந்தால் என்ன ஆகும் என்பதுதான் அவருடைய கதை.

அந்த முகம் 1990 மார்ச்சில் வந்த 'சின்ஸ் ஆஃப் தி ஃபாதர்' கதையில் வெளிப்பட்டது. கிட்டோமர் என்ற கிளிங்கான் குடியிருப்பை ரோமுலன்கள் தாக்கி அழித்தார்கள். வோர்ஃபின் பெற்றோர் இறந்தது அங்கேதான். ரோமுலன்கள் கிளிங்கான், கூட்டமைப்பு என்ற இரு தரப்புக்கும் பழைய பகையாளிகள், மறைந்திருந்து அடிப்பதில் தேர்ந்தவர்கள். அந்தத் தாக்குதலுக்குத் துணைபோன துரோகி வோர்ஃபின் தந்தை மோக்தான் என்று இப்போது தீர்ப்பு வருகிறது. உண்மையில் துரோகம் செய்தவன் டூராஸ் என்ற செல்வாக்கான பிரபுவின் தந்தை. ஆளும் சபைக்கு அது தெரியும். தெரிந்தும் வெளியே சொல்ல அஞ்சுகிறது. சொன்னால் டூராஸ் குடும்பம் எழும், பேரரசு பிளக்கும், உள்நாட்டுப் போர் வெடிக்கும். போரைத் தவிர்ப்பதற்காக வோர்ஃப் பழியை ஏற்றுக்கொள்கிறார். சபையில் கூடியிருந்த ஒவ்வொருவரும் கைகளைக் குறுக்காகக் கட்டி அவருக்கு முதுகைத் திருப்புகிறார்கள். அவமதிப்பை இவ்வளவு சத்தமில்லாமல் காட்டிய காட்சி அந்தத் தொடரில் வேறில்லை.

பொய்யின் மேல் கட்டிய அமைதி எவ்வளவு நாள் தாங்கும்? எட்டு மாதம் கழித்து, 1990 நவம்பரில் வந்த 'ரீயூனியன்' கதையில், பேரரசின் தலைவர் கெம்பெக்குக்கு யாரோ மெல்லக் கொல்லும் விஷத்தைக் கொடுத்துக்கொண்டிருக்கிறார்கள். சாவு நெருங்கிவிட்டது. பதவிக்குப் போட்டியிடுபவர்கள் இருவர்: டூராஸ், கோவ்ரான். சொந்த இனத்தில் யாரையும் நம்ப முடியாத அந்தக் கிழவர், அடுத்த தலைவரைத் தேர்ந்தெடுக்கும் நடுவராக எண்டர்பிரைஸின் கேப்டன் பிக்கார்டை நியமித்துவிட்டுக் கண்ணை மூடுகிறார். பிக்கார்ட் விரும்பி ஏற்ற பொறுப்பு இல்லை இது. தலையிடாமை பேசும் கூட்டமைப்பின் கேப்டன் ஒருவர் வேற்று நாட்டு அரியணைக்கு ஆள் தேடும் நிலைக்கு வந்துவிட்டார். டூராஸ் வோர்ஃபின் காதலி கெலேரைக் கொன்றுவிட, வோர்ஃப் டூராஸைப் பழிவாங்குகிறார். போட்டியில் கோவ்ரான் மட்டும் மிஞ்சுகிறார்.

அப்படியே முடிந்திருக்கலாம். 'ரிடெம்ப்ஷன்' தொடங்கும்போது டூராஸின் சகோதரிகள் லுர்சாவும் பெட்டோரும் ஒரு சிறுவனைக் கொண்டுவந்து சபையில் நிறுத்துகிறார்கள். டூராஸுக்கு மணவுறவுக்கு வெளியே பிறந்த மகன் டோரல். கிளிங்கான் சட்டப்படி பெண்கள் சபையில் உட்கார முடியாது. பையனை முன்னால் நிறுத்திவிட்டுப் பின்னாலிருந்து ஆளத் திட்டம். பிக்கார்டைத் தனியே அழைத்துத் தேநீர் கொடுத்து அந்தச் சகோதரிகள் பேசும் காட்சி கூர்மையானது. பையனை நிராகரித்தால், கூட்டமைப்பின் வசதிக்காகத் தீர்ப்பை வளைத்தார் என்ற பழி. ஏற்றுக்கொண்டால், ரோமுலன்களோடு கைகோத்த குடும்பத்தின் கையில் பேரரசு. எந்தப் பக்கம் சாய்ந்தாலும் வலை. பிக்கார்ட் சட்டத்தை மட்டும் பார்த்துத் தீர்ப்பு சொல்கிறார்: பிறப்பால் உரிமை இருந்தாலும் போர்க்களம் காணாத சிறுவன், தகுதி போதாது. கோவ்ரானே தலைவர். தீர்ப்பு வந்ததும் சபை உறுப்பினர்களில் பெரும்பாலோர் எழுந்து டோரலின் பக்கம் போய்விடுகிறார்கள். சட்டம் கோவ்ரானிடம், படை டூராஸ் குடும்பத்திடம்.

கோவ்ரானின் கப்பல் தாக்கப்படுகிறது. அதற்குள் வோர்ஃபும் இருக்கிறார். எண்டர்பிரைஸ் அருகிலேயே நிற்கிறது. நினைத்தால் ஒரு நிமிடத்தில் சண்டையை முடிக்கும் வலிமை அதற்கு உண்டு. பிக்கார்ட் கப்பலைப் பின்வாங்கச் சொல்கிறார். ஒரு தரப்புக்காக ஒரு குண்டு வெடித்தாலும் கூட்டமைப்பே அந்தப் போரில் ஒரு தரப்பாகிவிடும்.

வோர்ஃபுக்கு அந்த வசதி இல்லை. தம்பி குர்னின் படைப்பிரிவுகள் கோவ்ரானின் உதவிக்கு வந்ததால் குடும்பத்தின் மேல் இருந்த களங்கம் நீங்கிவிட்டது. இனி அந்த மானத்துக்குக் கடன்பட்டவர் அவர். கூட்டமைப்பு உதவ வேண்டும் என்று கேப்டனிடம் மன்றாடுகிறார். முடியாது என்கிறார் கேப்டன். இருவருமே சரி. அதுதான் அந்தக் காட்சியின் பாரம். வோர்ஃப் ராஜினாமா செய்கிறார். கப்பலின் நடைக்கூடத்தில் இருபுறமும் சக ஊழியர்கள் நின்று மரியாதை செலுத்த, அவர்களைக் கடந்து போகிறார்.

இரண்டாம் பாகத்தில் வரும் ஒரு மதுக்கடைக் காட்சியைப் பலர் வெறும் வேடிக்கையாகப் பார்த்துவிட்டுப் போய்விடுகிறார்கள். பகலில் ஒருவர் கப்பலை ஒருவர் சுட்டவர்கள், இரவில் தலைநகரில் ஒரே கடையில் உட்கார்ந்து குடிக்கிறார்கள், நெற்றியோடு நெற்றி முட்டிச் சிரிக்கிறார்கள். குர்னும் அந்தக் கூட்டத்தில் கலந்துவிடுகிறான். வோர்ஃபுக்கு இது பிடிபடவில்லை. நாட்டின் தலைவிதிக்காக என்று அவர் நினைத்த போர், அவர்களுக்கு வீரத்தைக் காட்ட ஒரு சந்தர்ப்பம். மரபை ஏட்டில் படித்தவருக்கும் அதற்குள் பிறந்து வளர்ந்தவர்களுக்கும் உள்ள தூரத்தை மூர் நீண்ட வசனம் எதுவும் இல்லாமல் அங்கே காட்டிவிடுகிறார். அந்தக் கடையிலிருந்தே எதிர்தரப்பார் வோர்ஃபைக் கடத்திப் போகிறார்கள்.

பிக்கார்ட் சும்மா இருக்கவில்லை. டூராஸ் தரப்பு ஓயாமல் தாக்குகிறது. அதற்கு ஆயுதமும் பொருளும் எங்கிருந்தோ வந்துகொண்டே இருக்கின்றன. ரோமுலன்கள்தான் என்பது அவருடைய ஊகம், கையில் ஆதாரம் இல்லை. விண்படைத் தலைமையிடம் அவர் கேட்பது ஒன்றுதான்: கிளிங்கான் எல்லைக்குள் போக வேண்டாம், யாரையும் சுட வேண்டாம், ரோமுலன் எல்லையோரமாக ஒரு கப்பற்படையை நிறுத்துவோம். உள்ளே போகும் சரக்கைக் கண்டுபிடித்து எல்லோர் பார்வையிலும் வைப்போம். திருட்டுத்தனம் வெளிச்சத்துக்கு வந்தால் ரோமுலன்கள் பின்வாங்குவார்கள், பொருள் வரத்து நின்றால் டூராஸ் தரப்பு தானாகவே சாயும். 1968-இல் கிர்க் கண்ட விடைக்கும் இதற்கும் உள்ள வித்தியாசத்தைக் கவனிக்க வேண்டும். அவர் இரண்டாவது துப்பாக்கியைக் கொடுத்தார். இவர் முதல் துப்பாக்கி வரும் வழியை அடைக்கிறார்.

சிக்கல் என்னவென்றால், ரோமுலன் கப்பல்கள் கண்ணுக்குத் தெரியாமல் மறைந்து போகக்கூடியவை. பொறியாளர் ஜார்டி லா ஃபோர்ஜ் ஒரு வழி கண்டுபிடிக்கிறார். கப்பலுக்குக் கப்பல் டாக்கியான் கற்றைகளைப் பாய்ச்சி ஒரு வலை பின்ன வேண்டும். மறைந்து வரும் கப்பல் அந்த வலையை அறுக்கும்போது தன்னைக் காட்டிக்கொடுத்துவிடும். டாக்கியான் என்பது ஒளியைவிட வேகமாகச் செல்லக்கூடியதாகக் கற்பனை செய்யப்பட்ட துகள். இதுவரை எந்தச் சோதனையிலும் அது பிடிபட்டதில்லை. ஆனால் கருத்து திரைக்கதை எழுதுபவர்களின் கற்பனை அல்ல. ஒளியைவிட வேகமான துகள்கள் சார்பியல் கோட்பாட்டுக்கு முரண்படாமலே இருக்க முடியும் என்று 1962-இல் ஆய்வுக் கட்டுரை எழுதிய மூவரில் ஒருவர் இ. சி. ஜி. சுதர்சன். கேரளத்தில் பிறந்து, சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் படித்து, 1980களில் சென்னைத் தரமணியில் உள்ள கணித அறிவியல் நிறுவனத்துக்கு இயக்குநராக இருந்தவர். துகளுக்கு டாக்கியான் என்று பெயர் வைத்தவர் ஜெரால்ட் ஃபைன்பெர்க் என்ற அமெரிக்க இயற்பியலாளர், 1967-இல். எண்டர்பிரைஸ் குழு பின்னிய வலையில் ஒரு நூல் சென்னையிலிருந்து போனது என்று சொல்வதில் தவறில்லை.

எல்லை மறியல் என்பது கதைக்காகச் செய்த கற்பனையும் அல்ல. 1936-இல் ஸ்பெயினில் உள்நாட்டுப் போர் வெடித்தபோது ஐரோப்பிய நாடுகள் கூடித் தலையிடாமை ஒப்பந்தம் செய்துகொண்டன. அந்த ஆண்டு செப்டம்பரில் லண்டனில் அதற்கென ஒரு குழுவே கூடியது. ஜெர்மனியும் இத்தாலியும் அதில் உறுப்பு நாடுகள். கையெழுத்துப் போட்ட அதே கையால் அவை குடியரசை எதிர்த்துப் போரிட்ட தளபதி பிராங்கோவுக்கு விமானங்களையும் வீரர்களையும் அனுப்பின. 1937 ஏப்ரலில் ஸ்பெயின் கரையைச் சுற்றிக் கடற்படை ரோந்து தொடங்கியபோது, ரோந்து போகும் பொறுப்பில் ஒரு பங்கு ஜெர்மனிக்கும் இத்தாலிக்குமே கொடுக்கப்பட்டது! அதே மாதம் 26-ஆம் தேதி கெர்னிகா நகரம் ஜெர்மானிய, இத்தாலிய விமானங்களின் குண்டுகளில் எரிந்தது.

அந்த வருடக் கோடையில் மத்தியதரைக் கடலில், ஸ்பெயினின் குடியரசுத் தரப்புக்குச் சரக்கு கொண்டுபோன கப்பல்களை 'எந்த நாட்டுடையது என்று தெரியாத' நீர்மூழ்கிகள் மூழ்கடித்தன. இத்தாலியுடையவை என்று எல்லோருக்கும் தெரியும், யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. ஆகஸ்ட் கடைசியில் பிரிட்டனின் ஹேவக் என்ற போர்க்கப்பலையே ஒரு நீர்மூழ்கி தாக்கிவிட்டது. அதன் பிறகுதான் செப்டம்பரில் சுவிட்சர்லாந்தின் நியோன் நகரில் நாடுகள் கூடின. தாக்கும் நீர்மூழ்கியைத் திருப்பித் தாக்கலாம் என்ற உத்தரவோடு பிரிட்டிஷ், பிரெஞ்சுக் கப்பல்கள் ரோந்துக்கு இறங்கியதும் அந்தத் தாக்குதல்கள் அநேகமாக நின்றன. மறைந்து வருபவனுக்கு, தான் பார்க்கப்படுகிறோம் என்பதே பெரிய அடி. ஆனால் நியோன் கடலடித் தாக்குதலை மட்டும்தான் தடுத்தது. பிராங்கோவுக்குப் போய்க்கொண்டிருந்த உதவியை யாரும் நிறுத்தவில்லை. 1939-இல் அவர் வென்றார், சாகும்வரை ஆண்டார். லண்டன் குழு செய்யாமல் விட்டதைத்தான் பிக்கார்டின் கப்பற்படை செய்ய முனைகிறது.

அவசரத்தில் இருபதுக்கும் மேற்பட்ட கப்பல்கள் திரட்டப்படுகின்றன. தலைமை தாங்க ஆள் போதவில்லை. செயற்கை மனிதரான டேட்டாவுக்கு சதர்லண்ட் என்ற கப்பல் தரப்படுகிறது. அதன் துணைத் தலைவர் ஹாப்சனுக்கு ஒரு இயந்திரத்தின் கீழ் வேலை செய்வதில் விருப்பமில்லை. முகத்துக்கு நேராகவே மாற்றல் கேட்கிறார். பெரிய போரின் நடுவே இந்தச் சின்னப் பகைமைக்கு மூர் இடம் கொடுத்தது சரியான முடிவு. பிற இனத்தின் பிளவைத் தடுக்க வந்தவர்களுக்குள்ளும் ஒரு பிளவு இருக்கிறது.

எதிரில் ரோமுலன் தளபதியாக நிற்பவள் சேலா. எண்டர்பிரைஸில் பணியாற்றி இறந்துபோன தாஷா யாரின் முகம் அவளுக்கு. இரண்டு வேடத்திலும் நடித்தவர் டெனிஸ் கிராஸ்பி. வரலாறு திரிந்த ஒரு கிளைக் காலத்திலிருந்து இறந்தகாலத்துக்குப் போய், ரோமுலன்களிடம் சிறைப்பட்ட தாஷாவுக்குப் பிறந்த மகள். நான்கு வயதில், குழந்தையைத் தூக்கிக்கொண்டு தப்பியோட முயன்ற தாயைக் கூச்சலிட்டுக் காட்டிக்கொடுத்தவள், தாயைக் கொன்றுவிட்டார்கள். இதை அவளே உணர்ச்சியின்றி பிக்கார்டிடம் சொல்கிறாள். இந்தக் கதை முழுக்கவே தந்தை செய்த துரோகம் மகன் தலையில், தாயின் முடிவு மகள் தலையில் என்றுதான் ஓடுகிறது. சேலாவின் திருப்பம் அதற்குள் பொருந்துகிறது. காலப் பயணக் கணக்கு கொஞ்சம் அதிகம் என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும்.

பிக்கார்ட் இங்கே தூய நடுநிலையாளர் அல்ல. டூராஸ் தரப்பு ரோமுலன்களிடம் அவசரமாகப் பொருள் கேட்க வேண்டிய நிலையை உண்டாக்குவதற்காக, கோவ்ரான் முழுமூச்சாகத் தாக்குவதும் அவர் திட்டத்தில் ஒரு பகுதி. சுடுவது கிளிங்கான்கள், நேரம் குறிப்பதில் கூட்டமைப்புக்கும் பங்கு உண்டு. தொடர் இந்த முரணில் அதிக நேரம் நிற்கவில்லை. நின்றிருந்தால் கதை இன்னும் கனத்திருக்கும்.

ரோமுலன்கள் வலையின் ஒரு பகுதியைச் செயலிழக்கச் செய்து ஓட்டை போடுகிறார்கள். கப்பல்களைப் பின்னே வரச் சொல்லி பிக்கார்ட் உத்தரவிடுகிறார். டேட்டா மட்டும் உத்தரவை மீறி நின்ற இடத்தில் நிற்கிறார். ஹாப்சனின் எதிர்ப்பை ஒரே அதட்டலில் அடக்கி, வெளிச்சக் குண்டுகளைப் போல டார்பீடோக்களை வெடிக்கச் செய்து, மறைந்திருந்த ரோமுலன் கப்பல்களை அம்பலப்படுத்துகிறார். ஒரு கப்பலும் அழியவில்லை, ஒரு ரோமுலனும் சாகவில்லை. பார்த்துவிட்டார்கள் என்று தெரிந்ததும் சேலா திரும்பிப் போகிறாள். உத்தரவை மீறியதற்குத் தண்டனை ஏற்கத் தயாராக வந்த டேட்டாவிடம், உத்தரவுக்குக் கீழ்ப்படிந்தேன் என்ற சாக்கு வரலாற்றில் எத்தனையோ கொடுமைகளுக்கு நியாயம் சொல்லியிருக்கிறது என்ற பொருளில் பிக்கார்ட் பேசி, அவரைப் பாராட்டுகிறார்.

பொருள் வரத்து அறுந்ததும் டூராஸ் தரப்பு கைவிடப்படுகிறது. சகோதரிகள் தப்பியோடுகிறார்கள், பையன் டோரலை விட்டுவிட்டு. கோவ்ரான் கத்தியை நீட்டி, பையனின் உயிர் உன் கையில் என்று வோர்ஃபிடம் சொல்கிறார். வோர்ஃப் கொல்ல மறுக்கிறார். அது கிளிங்கான் வழக்கம் என்று நினைவூட்டுகிறார்கள். வழக்கமாக இருக்கலாம், என் வழி அல்ல என்பதுதான் அவர் நிலை. அப்பன் குற்றத்துக்காகப் பிள்ளையைத் தண்டிப்பது என்னவென்று அவரைவிடத் தெரிந்தவர் அந்தச் சபையில் யார்? மறுபடி விண்படைச் சீருடைக்கே திரும்புகிறார்.

அந்தக் காலத்தின் வேறொரு காட்சியும் சொல்லத்தக்கது. 'ரிடெம்ப்ஷன்' முதல் பாகப் படப்பிடிப்பு நடந்துகொண்டிருந்தபோது அரங்குக்கு ஒரு விருந்தாளி வந்தார்: முன்னாள் அமெரிக்க அதிபர் ரொனால்ட் ரீகன். சோவியத் யூனியனைத் தீய பேரரசு என்று 1983-இல் அழைத்தவர். கிளிங்கான் வேடமிட்டவர்களைப் பார்த்து, எனக்கு இவர்களைப் பிடித்திருக்கிறது, எங்கள் நாடாளுமன்றத்தை நினைவூட்டுகிறார்கள் என்று அவர் வேடிக்கையாகச் சொன்னதாக அன்று அங்கிருந்தவர்கள் பின்னர் நினைவுகூர்ந்தார்கள்.

அதே 1991 டிசம்பர் 6 அன்று, கிர்க்கின் பழைய குழுவைக் கொண்டு நிகலஸ் மேயர் இயக்கிய ஆறாவது 'ஸ்டார் ட்ரெக்' திரைப்படம் வந்தது. விண்வெளியிலும் ஒரு பெர்லின் சுவர் விழுந்தால் எப்படியிருக்கும் என்பது அந்தக் குழுவில் ஒருவராக நடித்த லெனார்ட் நிமாய் கொடுத்த கரு. கிளிங்கான்களின் எரிசக்தி நிலவு வெடித்துச் சிதறுகிறது. செர்னோபில் நினைவுக்கு வராமல் போகாது. சமாதானத்துக்கு வந்த கிளிங்கான் தலைவரை இரு தரப்பிலும் உள்ள போர்வெறியர்கள் சேர்ந்தே கொல்கிறார்கள். படம் வெளியாகி இரண்டு நாள் கழித்து, ரஷ்யா, உக்ரைன், பெலாரஸ் தலைவர்கள் கூடி சோவியத் யூனியன் இனி இல்லை என்று கையெழுத்திட்டார்கள். 25-ஆம் தேதி கோர்பச்சேவ் பதவி விலகினார். திரைக்கதை எழுதப்பட்டபோது இதில் எதுவும் நடந்திருக்கவில்லை.

கோவ்ரான் நல்ல ஆட்சி தந்தாரா? தரவில்லை. இந்தக் கதை மற்றப் போர்க் கதைகளிலிருந்து பிரிந்து நிற்பது இந்த இடத்தில்தான். இரண்டே மாதத்துக்குள் வந்த வேறொரு கதையிலேயே அவர் வரலாற்றைத் திருத்தி எழுதிக்கொண்டிருக்கிறார். போரை வென்றது தன் வீரம் மட்டும்தான், கூட்டமைப்பின் உதவி என்று ஒன்று இல்லவே இல்லை. 1995-இல் 'ஸ்டார் ட்ரெக்'கின் இன்னொரு தொடரான 'டீப் ஸ்பேஸ் நைன்' தொடரில் அவர் அண்டை நாடு ஒன்றின் மேல் படையெடுக்கிறார். அதை ஆதரிக்க மறுத்த வோர்ஃபின் குடும்பத்துக்கு அவரே திருப்பிக் கொடுத்த மானத்தை அவரே பறிக்கிறார். நிலமும் பதவியும் இழந்த தம்பி குர்ன், சாவைக் கேட்டு அண்ணனிடம் வருகிறான். கடைசியில் அவன் நினைவுகளை அழித்து, வேறொரு குடும்பத்துக்கு வேறு பெயரில் அனுப்பிவைக்கிறார்கள். 1991-இல் கோவ்ரானின் உயிரைக் காத்தவன் அவன்.

1999 மே மாதம் அதே தொடரில் வந்த ஒரு கதையில் எஸ்ரி டாக்ஸ் என்ற பெண் அதிகாரி வோர்ஃபிடம் நேராகக் கேட்கிறாள்: எல்லாத் தலைவர்களும் ஊழல்காரர்கள் என்று தெரிந்தும் சகித்துக்கொள்ளும் ஒரு பேரரசு பிழைத்திருக்கத்தான் வேண்டுமா? மானம் மானம் என்று சொல்லும் நீயே எத்தனை பொய்களை ஏற்றுக்கொண்டாய்? அந்தக் கேள்விக்கு வோர்ஃப் செயலில் பதில் சொல்கிறார். கோவ்ரானை நேருக்கு நேர் எதிர்த்து நின்று, தனிச்சண்டையில் கொல்கிறார். எழுதியவர் அதே ரொனால்ட் டி. மூர். எட்டு வருடத்துக்கு முன் தன் நாயகன் அரியணையில் ஏற்ற உதவிய மனிதனை, அதே நாயகனின் கையாலேயே இறக்கினார்.

வென்றவனுக்கே தலைமை என்பது கிளிங்கான் சட்டம். தலைமை அங்கி தன் தோளுக்கு வந்தபோது வோர்ஃப் அதைக் கழற்றி மார்டாக் என்ற தளபதியின் தோளில் போடுகிறார். மார்டாக் பிரபுக் குடும்பத்தில் பிறந்தவர் இல்லை. கெட்டா தாழ்நிலத்துச் சாமானியர். இளமையில் அதிகாரிப் பயிற்சிக்கு அவர் கொடுத்த விண்ணப்பத்தைப் பிறப்பைக் காரணம் காட்டி நிராகரித்த பிரபு வேறு யாருமில்லை, 1967-இல் முதல் கிளிங்கானாகத் திரையில் வந்த அதே கோர். அதே ஜான் கோலிகோஸ் முதுமையில் மறுபடி அந்த வேடத்தில் நடித்தார். யார் மகன், எந்தக் குடும்பம் என்ற வழக்கில் இரண்டாகப் பிளந்த பேரரசு, கடைசியில் அந்தச் சாமானியரின் கைக்கு வந்தது.